மூன்று பேஸும் ஓர் உப்புக் குழியும்

குற்றாலத்தில் என் மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் அண்ணனுக்கு, ஒரு லாட்ஜ் இருக்கிறது. பெண்ணைக் கொடுத்ததோடு அவர் நிறுத்தியிருந்தால் தங்கமான மனிதர் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பேன். கூடவே ஒரு நாற்காலியையும் கொடுத்தார். லாட்ஜ் வரவேற்பு மேஜைக்குப் பின்னால் கிடந்த அந்த நாற்காலியில் கல்யாணமான புதிதில் உட்கார்ந்தேன். எழுந்தபோது முன்மண்டை முழுக்க வழுக்கையாகியிருந்தது.

அங்கே என் முக்கியமான வேலை போனை எடுப்பது. சீசன் தொடங்கிவிட்டால் எல்லா ஊரிலிருந்தும் ஒரே கேள்விதான். "சார், தண்ணி விழுதா?" விழுகிறது என்றால், "நல்லா விழுதா?" நன்றாக விழுகிறது என்றால், "நாங்க வர்ற வரைக்கும் விழுமா?" மலைமேல் உட்கார்ந்து நான்தான் வாளியில் மொண்டு ஊற்றுகிற மாதிரி கேட்பார்கள். அருவியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு நேராக அறைக்கு வந்து, வெந்நீர் வரவில்லை என்று சண்டை போட்டவர்கள் உண்டு. எண்ணெய் தேய்த்த தலையோடு அப்படியே கட்டிலில் சாய்கிற பெரிய மனிதர்கள் உண்டு. தலையணை உறையைப் பார்த்தே தலை எவ்வளவு பெரியது என்று சொல்லிவிடுகிற திறமை எனக்கு வந்துவிட்டது. இந்தத் திறமையை வைத்துக்கொண்டு உலகத்தில் வேறு எங்கேயும் பிழைக்க முடியாது.

மரவேலை என்னைப் பிடித்துக்கொண்டதும் அங்கேதான். சாரல் விழ ஆரம்பித்தால் லாட்ஜ் கதவுகள் எல்லாம் ஊறி உப்பிவிடும். சாத்தினால் சாத்தாது, இழுத்துச் சாத்திவிட்டால் திறக்காது. புதுசாகக் கல்யாணமானவர்கள் அறையிலிருந்து போன் வந்தால் அது அநேகமாகக் கதவு விஷயம்தான். நான் இழைப்புளியோடு போவேன். அவர்கள் கட்டிலின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்து ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் முழங்காலிட்டுக் கதவோரத்தைச் சீவிக்கொண்டிருப்பேன். வருஷா வருஷம் இப்படிச் சீவியதில், நன்றாகக் காய்ந்த மரத்தில் ஒழுங்காகச் செய்திருந்தால் கதவுக்கு இந்தக் கதி வராது என்பது புரிந்தது. அப்புறம் அதை நானே செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. அப்புறம் வேறு எதுவும் தோன்றவில்லை.

இலஞ்சியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரச் சாய்ப்பில் ஆரம்பித்தேன். வட்ட ரம்பம், இழைப்பு மெஷின், மரத்தூள் உறிஞ்சுகிற மெஷின் என்று ஒவ்வொன்றாக வாங்கினேன். வீட்டுக் கரண்டில் ஓட வேண்டும் என்பதால் எல்லாம் சிங்கிள் பேஸ். என் மனைவி அளவு எடுப்பதில் ஆரம்பித்து, இழைப்பு மெஷின் ஓட்டப் பழகி, கடைசியில் அதை என்னைத் தொடவே விடாத அளவுக்கு வந்தாள். என் கை நடுங்குகிறதாம். ரம்பத்தைப் போட்டால் தெருவில் எல்லா வீட்டு டிவியும் கண் சிமிட்டும். காயப்போட்ட வேட்டியில் தூள் படியும். நாடகம் ஓடும் நேரத்தில் ரம்பத்தைப் போட்டதற்கு ஒரு ஆச்சி எங்கள் வாசலில் வந்து மண்ணைத் தூற்றாத குறைதான். ஆகவே குத்துக்கல்வலசையில், மூடிக் கிடந்த ஒரு மாவு மில் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்தோம். அங்கே த்ரீ பேஸ் லைன் இருந்தது.

நாற்காலியை விட்டு எழுகிறேன் என்று மச்சானிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. சிரித்தார். அவர் சிரித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"சரி மாப்ள. ரெண்டாம் மாடிக் கதவு பூராவும் நீரே செஞ்சு தாரும். தீவாளிக்குள்ள மாட்டணும். மாட்டியாச்சுன்னா நான் வாயத் தொறக்கல. இல்லன்னா பேசாம வந்து இந்தச் சேர்ல உக்காந்துரணும். என்னவே?"

நான் பதில் சொல்லுமுன் பக்கத்தில் நின்ற என் மனைவி, "மாட்டிருவோம் அண்ணே" என்றாள். அண்ணன் பேச்சுக்கு அவள் அதுவரை எதிர்ப்பேச்சு பேசி நான் பார்த்ததில்லை. அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பட்டறை என்னுடையது என்பதைவிட அவள் கொடுத்த வாக்கு என்று ஆகிவிட்டது.

இந்த இடத்தில் கரண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். த்ரீ பேஸ் என்றால் கம்பத்திலிருந்து நாலு கம்பி வரும். மூன்றில் கரண்ட் வருகிறது. நாலாவது நியூட்ரல், வந்தது திரும்பிப் போகிற வழி. மாவு மில்லின் பெரிய மோட்டார் மூன்று கம்பியையும் எடுத்துக்கொண்டு தனக்குள்ளேயே கணக்கை முடித்துக்கொள்ளும். நாலாவது கம்பி இருக்கிறதா செத்ததா என்றுகூடக் கேட்காது. என் மெஷின்கள் அப்படி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பேஸும் வேண்டும், நியூட்ரலும் வேண்டும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது இதையெல்லாம் தெரிந்துகொள்ளத்தான் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன்.

அவர் எங்கள் பகுதியில் பேர்பெற்ற ஆள். எல்லோருக்கும் அண்ணாச்சி. சட்டைப் பையில் டெஸ்டரைக் குத்திக்கொண்டு மாப்பிள்ளை அழைப்புக்கு வருகிற மாதிரி வருவார். வந்ததும் வேலையை ஆரம்பிக்க மாட்டார், முதலில் பிரசங்கம்.

"மூணு பேஸ், மூணு மெஷின். மூணு பிள்ளையளுக்குப் பாகம் பிரிச்ச மாதிரி பிரிச்சுருவோம். ரம்பத்துக்கு ஒண்ணு, இழைப்புக்கு ஒண்ணு, தூசி மெஷினும் லைட்டும் ஒண்ணு. ஒருத்தன் இன்னொருத்தன் சோத்துல கை வைக்க மாட்டான் பாரும்."

பிரித்தார். சுவிட்ச் பலகையில் நியூட்ரல் என்று எழுதியிருந்த இடத்தில் எல்லா மெஷினின் நியூட்ரலையும், அவற்றின் இரும்பு உடம்பிலிருந்து வருகிற எர்த் கம்பியையும் ஒன்றாகச் சேர்த்தார். அதே இடத்திலிருந்து பழைய கம்பி ஒன்று வெளியே எர்த் குழிக்குப் போயிற்று. உப்பும் கரியும் கொட்டி, குழாயை நட்டு, மில்காரர் காலத்தில் போட்ட குழி. அண்ணாச்சி அதைப் பார்த்து, "பழைய ஆளு விவரமாத்தான் செஞ்சிருக்கான்" என்று பாராட்டினார். சுவிட்சைப் போட்டார். பல்பு எரிந்தது. "எரியுதா? எரியுது. பொறவு என்ன?" என்று காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தச் சீசன் முழுக்கச் சாரல் விடாமல் பிடித்தது. குத்துக்கல்வலசை மண் சேறாகக் கிடந்தது. மெஷின்கள் ஓடின பாருங்கள், அப்படி ஓடின. இதில் ஓர் அதிசயமும் இருந்தது. மற்ற ஊரில் பெரிய மெஷினைப் போட்டால் லைட் மங்கும். எங்கள் பட்டறையில் ரம்பத்தைப் போட்டால் லைட் பளிச்சென்று கூடும். பேன் வேகமெடுக்கும். கட்டடத்து ராசி என்று அண்ணாச்சி சொன்னார். பலாப் பலகை கொண்டுவருகிற செங்கோட்டை வண்டிக்காரர் அதைப் பார்ப்பதற்காகவே ரம்பத்தைப் போடச் சொல்வார். நானும் வித்தை காட்டுகிறவன் மாதிரி போட்டுக் காட்டுவேன்.

மச்சான் ஒருநாள் வந்து சுற்றிப் பார்த்தார். "மூணு பேஸ் லைன வச்சுக்கிட்டு ஒத்த பேஸ் மெஷின் ஓட்டுதீரு. முழு பஸ்ஸப் பேசி ஒத்த ஆளாப் போற மாதிரில்லா இருக்கு" என்றார். பேசி முடித்ததும் லைட் பளிச்சிட்டதைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் ஒரு பொறாமை ஓடியது. அதைப் பார்த்தது எனக்கு அந்த வருஷத்தின் நல்ல நாள்.

மெஷினைத் தொட்டால் லேசாகக் கரண்ட் பிடிக்கும். கையில் எறும்பு ஊர்கிற மாதிரி. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் எந்தப் பட்டறையிலும் மாவு மில்லிலும் பம்புசெட்டிலும் இப்படி ஒரு ஊறல் உண்டு. செருப்புப் போட்டுக்கொண்டு தொடு என்பதுதான் அதற்குத் தெரிந்த வைத்தியம். நாங்களும் ரப்பர் செருப்போடு வேலை செய்தோம்.

ஆவணி பாதியில் சாரல் நின்றது. வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்தது, காற்று வேறு மண்ணை உலர்த்தியது. ஊறல் கடியாக மாறியது. செருப்பு நுனி தேய்ந்திருந்தால்கூட விட்டுவைக்காது. ஒரு டியூப் லைட் காரணமில்லாமல் வெடித்தது. என் போன் சார்ஜர் புகைந்து கருகியது. அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் குழியைப் பார்த்துவிட்டு ஒரு பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டினார்.

"பூமி காஞ்சு போச்சு. தெனமும் காலைல ரெண்டு வாளி தண்ணி ஊத்துங்க. எல்லாம் அடங்கிரும்."

அடங்கியது. அதுதான் கொடுமை. தண்ணீர் ஊற்றினால் ஊறல் குறைந்தது. என் மனைவி அன்றிலிருந்து தினமும் காலையில் பட்டறைக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தக் குழிக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவாள். நான் நக்கல் பண்ணுவேன். "என்னட்டி, நெல்லு போட்டிருக்கியா? எப்ப அறுப்பு?" என்பேன். அவள் சட்டை செய்ய மாட்டாள். கதவுகள் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டிருந்தன. அண்ணனிடம் சொன்ன சொல் இருக்கிறது, அதற்காகக் குழிக்கு என்ன, அருவிக்கே தண்ணீர் ஊற்றச் சொன்னாலும் ஊற்றியிருப்பாள்.

புரட்டாசியில் ஆயுத பூசை வந்தது. பாதிக்கு மேல் கதவுகள் முடிந்திருந்ததால் நாங்கள் கொஞ்சம் தலைகால் புரியாமல் இருந்தோம். மச்சானை வரச்சொல்லியிருந்தோம். அண்ணாச்சியும் வந்தார். எனக்குச் சாமி விஷயத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. பொரிகடலை விஷயத்தில் உண்டு. காலையில் தரையெல்லாம் கழுவிவிட்டோம். மெஷின்களைத் துடைத்து, மாலை போட்டு, சீரியல் செட் விளக்கு மாட்டினோம். பூசை நடக்கிற இடமாயிற்றே, எல்லோரும் செருப்பை வாசலில் விட்டிருந்தோம். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் செருப்பில்லாமல் தொடாத இரும்பை, அந்த ஒரு நாள் மட்டும் வெறுங்காலோடு, ஈரத் தரையில் நின்று, ஈரச் சந்தனக் கையால் தொடுகிற புத்திசாலிகள் நாங்கள்.

தீபாராதனை முடிந்தது. பூசை முடிந்ததும் மெஷினை ஒரு நிமிடம் ஓட்டிக் காட்டுவது எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் வழக்கம். "நான் போடுதேன்" என்று அண்ணாச்சி முன்னால் போய் ரம்பத்தின் சுவிட்சைத் தட்டினார். சீரியல் விளக்குகள் ஒரேயடியாகப் பிரகாசமாகின. பட்டறையே பொன்னாக ஜொலித்தது. மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்பாள் வந்துட்டா பாத்தியளா!" என்றார் அண்ணாச்சி.

அப்போது என் மனைவி இழைப்பு மெஷினுக்குக் கடைசிப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எல்லோரும் உடனே திரும்பியிருப்போம். இடது கை மெஷின் கைப்பிடியைப் பிடித்திருந்தது, அது விடவில்லை. உடம்பு விறைத்து, வாய் கோணிக்கொண்டு, கண் மட்டும் என்னைப் பார்த்தது. நான் அதை முதலில் சாமி வந்ததென்று நினைத்துவிட்டேன், ஒரு கணம். மச்சான் "ஏட்டி!" என்று அவளைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தார். தொட்டிருந்தால் இரண்டு பேரும் போயிருப்பார்கள். அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். பதினைந்து வருஷமாகச் செய்ய நினைத்திருந்த காரியம்தான், ஆனால் இப்படி இல்லை. அவர் பின்னால் போய்த் திருஷ்டிப் பூசணிக்காய் மேல் உட்கார்ந்தார். நான் ஓடி மெயின் சுவிட்சின் கையை இறக்கினேன்.

அவள் துணி மூட்டை மாதிரி கீழே விழுந்தாள்.

மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தைத் தட்டினேன். மூச்சு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்தாள். எனக்கு அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி வேடிக்கையாக எழுத வராது. கதவு, பட்டறை, மச்சான், நாற்காலி எதுவும் நினைவில் இல்லை. இவள் இல்லாமல் நான் வீட்டுக்கு எப்படிப் போவேன் என்று மட்டும் இருந்தது. பயந்தேன். அவ்வளவு பயத்தை என் வாழ்க்கையில் பட்டதில்லை.

அண்ணாச்சி சுவரோரம் நின்று, "இன்னிக்குக் குழிக்குத் தண்ணி ஊத்தலியோ?" என்றார். பூசை வேலையில் ஊற்றவில்லைதான். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு ஊரில், கரண்டில் குற்றமில்லை, பூசையில்தான் ஏதோ குற்றம் என்று சொன்னதாகக் கேள்வி.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். உள்ளங்கையில் ஒரு தீப்புண். வெளி வராந்தாவில் மச்சான் வேட்டியில் பூசணி விதையோடு உட்கார்ந்திருந்தார். அழுதிருந்தார் என்று நினைக்கிறேன். அவள் எழுந்து உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"போதும்ளா. கதவு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நான் பிளாஸ்டிக் கதவு போட்டுக்கிடுதேன். மாப்ள நாளைக்கே லாட்ஜுக்கு வந்துரட்டும்."

நான் சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். உண்மையாகவே சொல்லியிருப்பேன். அந்த நாற்காலி அப்போது எனக்குச் சொர்க்கமாகத் தெரிந்தது. அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, கரண்டுல நான் பொழச்சுட்டேன். அந்தச் சேர்ல இவியள மறுபடி உக்கார வச்சா, இவிய அதுலயே செத்துருவாவ."

மச்சான் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நாற்காலியைப் பற்றி அவளிடம் நான் ஒருநாளும் புலம்பியதில்லை. அவளுடைய அண்ணன் கொடுத்த வேலை, எப்படிப் புலம்புவது? எல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மறுநாள் லைன்மேன் வந்தார். கம்பத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், ஏணி போட்டுக் கூரை ஓரத்தைப் பார்த்தார். "நாலாவது கம்பி எங்கன போச்சு?" என்றார். தகரத்துக்கு அடியில் அறுந்து, சுருண்டு, கறுத்துக் கிடந்தது. மில்காரர் கூரை மாற்றியபோது யாரோ வெட்டிவிட்டிருக்கிறார்கள். மோட்டார் ஓடியதால் அவருக்குத் தெரியவே இல்லை. பல்பு எரியாதபோது யாரோ ஒரு மேதை பலகையிலிருந்த நியூட்ரலை எர்த் குழியில் சேர்த்துவிட்டிருக்கிறான். அதாவது அந்தச் சீசன் முழுக்க என் பட்டறைக்கு நியூட்ரல் என்று ஒன்று இல்லை. மண்ணில் இருந்த சாரல் ஈரம்தான் கரண்டைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. மண் காயக் காய, திரும்ப வழியில்லாத கரண்ட் எங்கள் மெஷின்களின் உடம்பிலேயே குடியேறியிருந்தது. லைட் பளிச்சிட்டதும் ராசியில்லை. ஒரு பேஸில் பாரம் ஏறும்போது மற்ற பேஸில் வோல்டேஜ் எகிறியிருக்கிறது, அவ்வளவுதான். வித்தை காட்டி வித்தை காட்டி நான் எல்லோருக்கும் காட்டியது அதைத்தான்.

புதுக் கம்பி இழுத்தோம். புதுக் குழி தோண்டி எர்த்தைத் தனியாகப் பிரித்தோம். கொஞ்சம் கரண்ட் கசிந்தாலும் தானே விழுந்துவிடுகிற டிரிப்பர் போட்டோம். இப்போது ரம்பத்தைப் போட்டால் எங்கள் லைட்டும் மற்ற ஊர் லைட் மாதிரி லேசாகத் தலைகுனிகிறது. செங்கோட்டை வண்டிக்காரருக்கு ஏமாற்றம்.

தீபாவளிக்கு முன் கதவுகளை மாட்டினோம். கடைசிக் கதவுகளை நான்தான் இழைத்தேன், கை நடுக்கத்தோடு. ஐப்பசி மழை கொட்டுகிற நாளில் மச்சான் இரண்டாம் மாடியில் ஒவ்வொரு கதவாகச் சாத்தித் திறந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறப்பதில்லை என்றுதான் பேச்சு, மனுஷன் காப்பாற்றினார்.

கைப்புண் ஆறி என் மனைவி பட்டறைக்கு வந்த முதல் நாள், இழைப்பு மெஷின் முன்னால் போய் நின்றாள். கை நீளவில்லை. விளக்குமாற்றை எடுத்துத் தூள் பெருக்கப் போய்விட்டாள். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். சரி பண்ணியாச்சு, பயப்படாதே என்று சொல்லலாம்தான். அண்ணாச்சியும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து அவளுக்கு முன்னால் நான் கிளம்ப ஆரம்பித்தேன். பட்டறையைத் திறந்து, எல்லாவற்றையும் ஓடவிட்டு, தரையில் ஒரு வாளி தண்ணீரைக் கொட்டி, வெறுங்காலோடு நின்று, ஒவ்வொரு மெஷினாக உள்ளங்கை முழுக்க வைத்துப் பார்ப்பேன். பைத்தியக்காரத்தனம்தான். டெஸ்டர் இருக்கிறது, டிரிப்பர் இருக்கிறது, லைன்மேன் சொன்ன வார்த்தை இருக்கிறது. எதையும் என் மனசு நம்பவில்லை.

ஒருநாள் நான் நினைத்ததைவிடச் சீக்கிரமே அவள் வந்துவிட்டாள். நான் இழைப்பு மெஷின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றேன். வாசலிலிருந்து குரல் வந்தது.

"என்ன, சாமி கும்பிடுதியளா?"

"இல்லட்டி. பிடிக்குதான்னு பாக்கேன்."

"பிடிச்சா என்ன செய்விய?"

"பிடிச்சா நீ உள்ள வராத."

அவள் உள்ளே வந்து, என் கையை எடுத்து நகர்த்திவிட்டு, முதல் பலகையை மெஷினுக்குள் தள்ளினாள்.